ஒற்றை விசில்

பௌர்ணமி அன்று அடி அண்ணாமலைக்கு யாராவது சர்வீஸுக்குக் கூப்பிட்டால் ரியாசுதீனுக்கு எரிச்சலாக வரும். மலை சுற்றும் பாதையில் வண்டியை விடமாட்டார்கள். டிவிஎஸ் ஃபிஃப்டியை வயல் பக்கமாக உருட்டியும் ஓட்டியும் போய்ச் சேர வேண்டும். ஆனால் போனில் அந்த ஆள் பேசிய விதம் அப்படி.

"பாய், இன்னிக்கே வந்துடுங்க. விளையாடிட்டு இருக்கும்போதே கம்ப்யூட்டரு செத்துடுது."

வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று டாக்டரைக் கூப்பிடுகிற குரல். இரண்டாயிரத்து நாலில் திருவண்ணாமலை டவுனிலேயே கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் தான்தான் கெட்டிக்காரன் என்ற நினைப்பு ரியாசுதீனுக்கு உண்டு. திறந்து பார்த்த எந்த மிஷினையும் சரி செய்யாமல் மூடியதில்லை என்று டீக்கடையில் உட்கார்ந்து பெருமை அடித்துக்கொள்வான். எனவே வெயில் தாழ்வதற்கு முன்பே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

பாதையை ஒட்டிய பழைய ஓட்டு வீடு. கதவைத் திறந்த பெண் அவன் கையில் இருந்த பையைப் பார்த்ததும் சற்றுத் தயங்கி, பிறகு வழி விட்டாள். பெயர் தனம். முன்னறையில் கம்ப்யூட்டருக்கு எதிரே அவள் புருஷன் ஆதிமூலம் உட்கார்ந்திருந்தார். வலது காலில் கட்டு பிரித்த நீளத் தழும்பு. சுவரில் ஓர் ஊன்றுகோல் சாய்ந்திருந்தது. அதை எடுத்து நடந்த மாதிரித் தெரியவில்லை, மேலெல்லாம் தூசி.

"மெட்ராஸ்ல இருந்து மச்சான் அனுப்பினது பாய். வண்டி ஓட்ற கேமு ஒண்ணு இருக்கு. அது ஓட்டும்போது மட்டும் ஆஃப் ஆயிடுது" என்றார் ஆதிமூலம்.

"சூடு ஜாஸ்தியா இருக்கும் அண்ணா. பாத்துடலாம்."

கேபினட்டைத் திறந்ததும் ரியாசுதீனுக்குச் சிரிப்பு வந்தது. ப்ராசஸர் மேலிருந்த குட்டி ஃபேன் முழுக்க விபூதி. வெள்ளிக்கிழமை தோறும் தனம் கம்ப்யூட்டருக்கும் பட்டை போட்டுவிட்டிருக்கிறாள்.

"சாமிக்கு வெக்கறத இதுக்கும் வெச்சா இது எப்படிக்கா மூச்சு விடும்?"

தனம் சிரிக்கவில்லை.

விபூதியை ஊதித் தள்ளினான். ப்ராசஸரின் சூட்டைக் கடத்துகிற பேஸ்ட் காய்ந்து போயிருக்க, அதைச் சுரண்டிப் புதிதாகத் தடவினான். கரண்ட் கொடுக்கும் பெட்டி மேல் சந்தேகம் வர, பையில் இருந்த புதியதை மாட்டினான். பிறகு அவனே கேமைப் போட்டு ஓட்டிப் பார்த்தான். மலைப்பாதையில் ஒரு பஸ். ஏற்றம், இறக்கம், பெரிய மரம் நிற்கிற ஒரு வளைவு, அதைத் தாண்டி ஒரு பாலம். தனம் கொடுத்த டீ ஆறும் வரை ஓட்டினான். ஒரு குறையும் இல்லை.

"முடிஞ்சிடுச்சு அண்ணா. நீங்க ஓட்டுங்க."

ஆதிமூலம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். இடது கை கியரைத் தேடுவது போல மேசை ஓரத்தில் நின்றது. வலது கை விரல்கள் பட்டன் மேல் பதிந்தன. ஏற்றம் போனது. இறக்கம் போனது. மரம் தெரிந்தது.

'பீப்.'

ஒரே ஒரு சத்தம். திரை கறுத்தது.

ரியாசுதீன் மறுபடி ஆன் செய்தான். இந்த முறை ஆதிமூலம் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டினார். அதே மரம். அதே பீப். அடுத்த முறை பறந்துகொண்டு போனார். அப்போதும் அங்கேதான் அணைந்தது. அவரை எழுப்பாமல் ரியாசுதீன் பக்கத்தில் இருந்து எட்டிக் கைவைத்து ஓட்டினான். வளைவைத் தாண்டிப் பாலம் வரை ஜம்மென்று போனது.

சூட்டினால் அணைகிற மிஷின் யார் ஓட்டினாலும் அணைய வேண்டும். எந்த வளைவு என்று சூடு பார்க்குமா?

"பீப் வேற வருது. அது ஏன்னு தெரியல" என்று முனகினான்.

ஆதிமூலம் சட்டென்று திரும்பினார்.

"உனக்கும் கேட்டுச்சா?"

அவர் முகத்தில் இருந்தது பயமில்லை. ரொம்ப நாள் தனியாகச் சுமந்ததை இறக்கி வைத்த முகம்.

தண்ணீர் கொடுக்கிற சாக்கில் தனம் அவனைச் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டாள். ஜன்னலுக்கு வெளியே மலை சுற்றுகிறவர்களின் வெறுங்கால் சத்தமும், எங்கோ தொலைவில் ஓர் அரோகராவும் கேட்டன.

"பாய், அத ரிப்பேர் பண்ணாதீங்க."

"என்னாக்கா சொல்றீங்க?"

"இவரு பிரைவேட் பஸ் டிரைவரு. காசினு ஒருத்தன்தான் கூட கண்டக்டரு. சித்ரா பௌர்ணமிக்கு ஸ்பெஷல் ட்ரிப்பு. பின்னாடி வந்த பஸ்ஸ முந்த விடக்கூடாதுனு வெரட்டிட்டு வந்திருக்காரு. செங்கம் ரோட்டுல புளியமரத்து வளைவுல காசி ஒரு விசில் அடிச்சான். ஒரு விசிலுனா நிறுத்தணும், ரெண்டு விசிலுனா போகணும், உங்களுக்குத் தெரியுமில்ல? இவரு நிறுத்தல. படியில நின்ன காசி கீழ விழுந்து செத்துப் போயிட்டான். பஸ்ஸும் மரத்துல மோதி இவரு காலு போச்சு." அவள் குரலை இன்னும் தாழ்த்தினாள். "விசில் கேக்கலன்னுதான் எல்லார்கிட்டயும் சொன்னாரு. கேட்டுச்சு கேட்டுச்சுனு தூக்கத்துல அழறாரு."

"அதுக்கும் இதுக்கும் என்னாக்கா சம்பந்தம்?"

"அந்த மரம் வந்தா அவன் விசில் அடிக்கறான். இவரு நிறுத்தறதுக்குள்ள மிஷின் செத்துடுது. மிஷின் செத்துடுது, இவரு பொழச்சிக்கிறாரு. பஸ்ஸு நிக்கறது எதுக்கு பாய்? யாராவது ஏறறதுக்குத்தான?"

ரியாசுதீன் தண்ணீர்ச் செம்பைத் திருப்பிக் கொடுத்தான். அவனுக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. துக்கம் மனுஷரை என்னவெல்லாம் நினைக்க வைக்கிறது என்று தோன்றியது.

முன்னறையில் ஆதிமூலம் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவ சொல்றத கேக்காத. ஒரே ஒரு வாட்டி அந்த வளைவத் தாண்டிட்டா நான் எழுந்து நடந்துடுவேன் பாய். சத்தியமா."

ஒரு பக்கம் செய்யாதே என்கிறாள், ஒரு பக்கம் செய் என்கிறார். நடுவில் ரியாசுதீனின் பெருமை. திறந்த மிஷினை அப்படியே மூடிவிட்டுப் போய் டீக்கடையில் என்ன சொல்வது? சூட்டை அளக்கும் சென்சார்தான் பொய் சொல்கிறது என்று முடிவு கட்டினான். அளவு மீறிச் சூடானால் கம்ப்யூட்டர் தன்னைத்தானே அணைத்துக்கொள்ள ஒரு பாதுகாப்பு ஏற்பாடு உண்டு. செட்டிங்கில் நுழைந்து அதை நிறுத்தினான். பீப் சத்தம் போடும் குட்டி ஸ்பீக்கரையும் ஒயரோடு பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"இப்ப ஓட்டுங்க அண்ணா. இனிமே அது நெனச்சாலும் ஆஃப் ஆகாது."

தனம் வாசற்படியில் வந்து நின்றாள்.

ஏற்றம். இறக்கம்.

மரம்.

விசில் சத்தம் கேட்டது.

கேபினட்டில் இருந்து இல்லை. அவர்களுக்குப் பின்னால் இருந்து. உதட்டில் வைத்து ஊதிய, எச்சில் கலந்த, நிஜமான விசில்.

திரை ஒருமுறை மங்கியது. அணையப் பார்த்தது போலிருந்தது. ஆனால் முடியவில்லை, மறுபடி வெளிச்சமாகிவிட்டது. ஆதிமூலம் மெல்லப் பட்டனில் இருந்து விரலை எடுத்தார். பஸ் மரத்தடியில் வந்து நின்றது.

அறைக்குள் கிராம்பு வாசனை வந்தது. அதோடு வியர்வையில் ஊறிய தோல் பையின் வாடை. சில்லறை குலுங்கும் சத்தம் அவர்களைக் கடந்து நாற்காலி வரை போய் நின்றது.

"பல்லு வலிக்குதுனு எப்பவும் கிராம்பு மெல்லுவான்" என்றார் ஆதிமூலம், யாரிடம் என்றில்லாமல். "நிறுத்திட்டேன்டா காசி. இந்த வாட்டி நிறுத்திட்டேன்."

"பாய், புடுங்குங்க!" என்று தனம் கத்தினாள்.

ரியாசுதீன் பாய்ந்து பிளக்கை இழுத்தான். ஒயர் கையோடு வந்தது.

திரை அணையவில்லை.

இரண்டு விசில்.

"ரைட்டு" என்றார் ஆதிமூலம். பல மாதமாகத் தரையில் ஊன்றாத வலது கால் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பது போலத் தரையை அழுத்தி மிதித்தது. பஸ் வளைவைத் தாண்டியது. பாலத்தைத் தாண்டியது. அதற்கு அப்பால் அந்த விளையாட்டில் இல்லாத ஒரு சாலையில் போய்க்கொண்டே இருந்தது. சிறிதாகி, புள்ளியாகி, மறைந்தது. பிறகுதான் திரை கறுத்தது.

ஆதிமூலத்தின் தலை மேசை மேல் சாய்ந்திருந்தது. ரியாசுதீன் தொட்டுப் பார்த்தான். அவர் கை சில்லிட்டுக்கொண்டிருந்தது.

தனம் ஓடி வரவில்லை, மாரடித்துக்கொள்ளவும் இல்லை. நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள்.

"அது பாட்டுக்கு அணைஞ்சிட்டு இருந்துச்சு பாய்" என்றாள். "கெட்டுப் போன மிஷினுதான் என் புருஷன உசுரோட வெச்சிருந்துச்சு."

அக்கம்பக்கத்தார் வந்து, ஆதிமூலத்தைத் தூக்கிப் பாயில் கிடத்தும் வரை ரியாசுதீன் சுவரோரம் நின்றான். ஹார்ட் அட்டாக் என்று யாரோ சொன்னார்கள். வேறு யாரோ ஆமாம் என்றார்கள். பையைக்கூட எடுக்காமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டான்.

செங்கம் ரோட்டை அடைந்தபோது பொழுது சாய்ந்து, மலைக்குப் பக்கத்தில் நிலா எழும்பியிருந்தது. பௌர்ணமி அன்று வண்டியில் டவுனுக்குப் போக வேறு வழி கிடையாது. இரண்டு பக்கமும் ஆள் நடமாட்டம் இருந்தது. தூரத்தில் கடை வெளிச்சங்கள் தெரிந்தன. அதைப் பார்த்ததும் கொஞ்சம் தைரியம் வந்தது. அல்லாவை நினைத்துக்கொண்டு, எதையும் திரும்பிப் பார்ப்பதில்லை என்று வேகமாக ஓட்டினான்.

புளியமரத்து வளைவு வந்தது.

சட்டைப் பைக்குள் இருந்து ஒரு விசில்.

ஒயர் அறுந்த ஸ்பீக்கர் அது. நிறுத்தக்கூடாது என்று மனசு அலறியது. நிறுத்தாமல் போனவருக்கு என்ன ஆனது என்பதும் அதே நொடியில் நினைவுக்கு வந்தது. என்ன செய்வது என்று அவன் முடிவெடுப்பதற்குள் கை பிரேக்கைப் பிடித்துவிட்டது. வண்டி மரத்தடியில் நின்றது.

யாரும் வரவில்லை. புளிய இலைகூட அசையவில்லை.

பின் சீட் ஒருமுறை அமுங்கியது.

கிராம்பு வாசனை.

தனம் சொன்னது காதில் ஒலித்தது. பஸ்ஸு நிக்கறது எதுக்கு பாய்?

பின் சீட் இன்னொரு முறை அமுங்கியது. அவன் இடுப்பை ஒட்டி ஒரு கால் உரசியது. வலது கால். பேன்ட் துணி வழியாகவே அந்தத் தழும்பின் மேடு தெரிந்தது.

ரியாசுதீன் அசையவில்லை. எதிரே ரோடு காலியாக இருந்தது. கடை வெளிச்சங்கள் இருந்த இடத்தில் இப்போது ஒரு பாலம் தெரிந்தது.

சட்டைப் பைக்குள் இருந்து இரண்டு விசில் கேட்டது.