இரும்புச் சுருளுக்குள் ஒரு கையுறை

காலை பத்தரை மணி. துளைபோடும் இயந்திரத்தின் அடியில், இரும்புச் சுருள்கள் விழும் தட்டில் அந்தக் கையுறை கிடந்தது. வலது கை. மேலே ரப்பர், உள்ளே துணி. இரண்டு விரல்கள் கிழிந்து, மேலெல்லாம் ரத்தம் காய்ந்திருந்தது. மணிக்கட்டு ஓரத்தில் நீல நூலில் ஒரு தையல்.

"பார்த்துக்கோங்க மேடம்," என்றார் மேனேஜர். பரிசு விழுந்த முகம். "சுத்துற மெஷின்ல கையுறை மாட்டினா கையையே உள்ள இழுத்துரும். போடக்கூடாதுன்னு போர்டே வச்சிருக்கோம். மீறினது அவரு. நஷ்டஈடு எப்படித் தர முடியும்?"

தொழிற்சாலை ஆய்வாளரான அவள் தட்டை உற்றுப் பார்த்தாள். நேற்று இந்த இயந்திரத்தில் இரண்டு விரல்களைப் பறிகொடுத்தவர், ஆஸ்பத்திரியில் மாலையில் அவளிடம், "சட்டைக் கைதான் மாட்டுச்சு. வெறுங்கையாத்தான் இருந்தேன்" என்று சத்தியம் செய்திருந்தார். இன்று காலை மேனேஜர் இந்தக் கையுறையின் படத்தைக் காட்டியதும், "போட்டிருந்தேன், என் தப்புதான்" என்று தலைகீழாகப் பேசினார். தனக்கு வரவேண்டியதை யாராவது தானே தட்டிவிடுவார்களா? அதுதான் அவளை உறுத்தியது.

குனிந்து பார்க்க வழியில்லாமல் ஒரு பெட்டி கிடந்தது. அதை நகர்த்த அடுத்த பகுதியிலிருந்து ஓர் இளைஞன் ஓடிவந்தான். பாரம் தூக்குகிறவன், அடிபட்டவருடைய மனைவியின் தம்பி. அவன் போட்டிருந்த இடது கையுறை பழையது, வலது புத்தம்புதியது.

சுழலும் தண்டை மூடவேண்டிய கம்பிக் கூண்டு இயந்திரத்தில் இல்லை.

"கூண்டு எங்கே?"

"கழுவறதுக்கு இன்னைக்குத்தான் கழட்டினோம்."

திருகாணித் துளைகளில் பழைய கிரீஸ் கல்லாக இறுகியிருந்தது. காதில் பூ சுற்ற இவர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளலாம்.

கையுறையை உள்வெளியாகப் புரட்டினாள். துணி வெள்ளை வெளேரென்று இருந்தது. இரண்டு விரல் போன கையை மூடியிருந்த துணியில் ஒரு சொட்டு ரத்தம் கூடவா படாது? விபத்துக்குப் பிறகு யாரோ கிழித்து, மேலாக ரத்தம் தடவிப் போட்டிருக்கிறார்கள்.

அது மேனேஜராக இருந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்! ஆனால் வீட்டில் தையல் போட்ட பழைய கையுறைக்கு அவர் எங்கே போவார்? படத்தைப் பார்த்ததும் அடிபட்டவர் பொய் சொன்னாரே, மேனேஜருக்காகவா சொல்வார்?

இளைஞனைத் தனியாக அழைத்தாள்.

"உன் பழைய வலது கையுறை எங்கே தம்பி? கையுறை தேஞ்சா ஜோடியாத்தானே மாத்துவாங்க?"

இடது கையைப் பின்னால் மறைத்தான். அதற்குள் அந்த மணிக்கட்டிலும் நீலத் தையலைப் பார்த்துவிட்டாள். அவன் உடைந்துபோனான்.

"நாங்க பாரம் தூக்குற பக்கம் கையுறை இல்லேன்னா கேட்டுலயே திருப்பி அனுப்பிருவாங்க மேடம். மாமா வெறுங்கையா இருந்தாருன்னு தெரிஞ்சா பைசா தரமாட்டாங்களேன்னு பயந்துட்டேன். அங்க போடவே கூடாதுன்னு எனக்கு யாருமே சொல்லலையே!"

"போர்டு இருக்கே?"

"அது மெஷினைப் பார்த்து இருக்கு. நான் நிக்கிறது அதுக்குப் பின்னாடி."

குற்றவாளியைப் பிடித்த திருப்தி அவளுக்குத் துளியும் இல்லை. பிடிக்காமலே இருந்திருக்கலாம் என்றுகூடத் தோன்றியது. ஆனால் அவன் வாக்குமூலம் இல்லாமல் அவன் மாமாவுக்கு நஷ்டஈடு இல்லை. அவன் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டான்.

மாலை நான்கு மணி, ஆஸ்பத்திரி.

"கூண்டு இல்லாததுதான் காரணம்னு எழுதிட்டேன். உங்களுக்கு நஷ்டஈடு உண்டு," என்றாள்.

கட்டுப்போட்ட கையோடு அவர் நிமிர்ந்தார். "மச்சானுக்கு?"

"மத்தியானமே வேலையை விட்டு அனுப்பிட்டாங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "அப்படி ஆயிரக்கூடாதுன்னுதாங்க பொய் சொன்னேன். கையுறையில இருந்தது என் வீட்டுக்காரி தம்பிக்குப் போட்ட தையல். பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு."

மச்சான் வாசலிலேயே நின்றான். அவன் அக்கா அவனையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடா," என்றார் அவர்.

"எப்படி மாமா கேக்கறது?" என்றான் அவன். "நேத்து மத்தியானம் நீங்கதான் கண்ணே திறக்கலையே."