வெண்ணாவல் கோட்டையின் மஞ்சள் சரடு

மாசித் திங்களின் கடைசி மாலை, நீர் மெலிந்து மணல் மேடிட்டுக் கிடந்த தென்பெண்ணையாற்றின் மேல் மங்கிய நிலவு படரத் தொடங்கியபோது, அக்கரைப் பாசறையில் பகைவர் மூட்டிய தீ ஒவ்வொன்றாக வெண்ணாவல் கோட்டையை நோக்கிக் கண் விழித்தது. முந்தைய நாள் போரில் மார்பில் வேல் தாங்கிய கோட்டை மன்னன் சேந்தமாறன் உயிரோடிருக்கிறானா என்பதை அறியவே அவர்கள் துடித்தனர். இல்லையென்று தெரிந்தால் அன்றிரவே மதிலேறுவார்கள். இருக்கிறான் என்றால் தயங்குவார்கள், அதற்குள் அவன் தம்பியின் குதிரைப்படை வந்துவிடும்.

அன்பு வாசகர்களே! ஒற்று என்றதும் முக்காடும் குறுவாளும் உங்கள் நினைவுக்கு வரலாம். பகைவர் அனுப்பிய இந்த ஒற்றின் தலையில் இருந்ததோ வளையல் கூடை! இரு தரப்புக் காவலரும் தடுக்காத வளையல்காரி சாத்தி, எவள் கை நீட்டவில்லை, எவள் கழுத்தில் தாலி இல்லை என்று பார்த்தே கோட்டையில் மாண்டவர்களை எண்ணிவிடுவாள். பொல்லாத கெட்டிக்காரி!

ஆனால் அன்று அந்தப்புர முற்றத்தில் அவளே திகைத்து நின்றாள். அங்கிருந்த பெண்கள் அனைவர் கழுத்திலும் புத்தம் புதிய மஞ்சள் சரடு. அடுப்பில் காராமணி அடை வெந்துகொண்டிருந்தது. இலையில் வெண்ணெய் காத்திருந்தது.

“தேவி, இதென்ன புதுமை?”

“மாசியும் பங்குனியும் கூடும் வேளையில் கணவருக்காக நோற்கும் நோன்பு, சாத்தி. மன்னர் இன்றுதான் கஞ்சி அருந்தினார்” என்று புன்னகைத்துக் கை நீட்டினாள் அரசி பூதிமாதேவி. “பச்சை வளையலாகப் பார்த்துப் போடு.”

சாத்தி அந்தக் கையைப் பற்றினாள். பச்சை வளையல்களை ஒவ்வொன்றாக ஏற்றினாள்.

“உன் கணவன் எங்கேயடி?”

“அக்கரையில், தேவி...” வாய்தவறிச் சொல்லிவிட்டு வெலவெலத்துப் போனாள் சாத்தி.

அரசி சினக்கவில்லை. ஒரு சரடை எடுத்து அவள் கழுத்தில் கட்டினாள். “அவனும் நெடுநாள் வாழட்டும்.”

சாத்தி கூடையையும் மறந்து ஓடினாள்.

“தேவி, அவளைப் பிடிக்கச் சொல்லட்டுமா?” என்று பதறினாள் படைத்தலைவன் மனைவி உமையாள்.

“வேண்டாம். போய்ச் சொல்லட்டும். அதற்காகத்தானே எல்லோரும் கட்டிக்கொண்டோம்?”

பின்னாளில் அந்நாட்டுப் பெண்கள் ஆண்டுதோறும் அந்த நோன்பை நோற்றார்கள். முதல் நோன்பில் சரடு கட்டியவர்களில் பாதிப்பேர் முந்தைய நாளே கணவரை இழந்தவர்கள் என்பதை மட்டும் யாரும் வாய் திறந்து சொன்னதில்லை.

அடையும் வெண்ணெயும் ஏந்தி, பூதிமாதேவி ஆயுதசாலைக்குள் தனியே சென்று கதவைத் தாழிட்டாள். குளிர்ந்து கிடந்த சேந்தமாறனின் காலடியில் இலையை வைத்தாள்.

“உங்கள் தம்பியின் கொடி மதிலேறும்வரை இந்தச் சரடை அவிழ்க்க மாட்டேன். இது உங்கள் மேல் ஆணை. அதுவரை உங்களுக்குத் தீ மூட்டவும் மாட்டேன், சுவாமி. புகை அக்கரைக்குத் தெரிந்துவிடும். பொறுத்துக்கொள்ளுங்கள்.”