தாங்குமா என்று ஒரு சோதனை

காலையில் அரிசி களைந்துகொண்டே, "இன்னிக்கு என்ன குழம்பு வைக்கட்டும்?" என்று பூங்கோதை கேட்பாள். சோறு வடித்து, குழம்பையும் இறக்கிய பிறகுதான் அலமாரிப் பெட்டியிலிருந்து கணவன் செங்குட்டுவனின் பதில் வரும். "வத்தக்குழம்பு." அவள் சாம்பார் வைத்திருப்பாள். "நாளைக்கு வைக்கிறேங்க" என்பாள். சாப்பிடப்போவது என்னவோ அவள் மட்டும்தான்.

செங்குட்டுவன் இறந்து வருடம் திரும்பிவிட்டது. இறப்பவரின் மனதை மனச்சில்லில் ஏற்றிவைப்பது அப்போது வீட்டுக்கு வீடு நடந்தது. வசதியானவர்கள் வாங்கும் மேனிலைச் சில்லில் இறந்தவர் கேட்ட மாத்திரத்தில் பேசுவார்; சில்லு கெட்டால் மீட்க நகலும் உண்டு. செங்குட்டுவனை ஏற்றியிருந்த மலிவுச் சில்லில் நகல் கிடையாது, பேச்சும் ஆமை வேகம். இரு வகைச் சில்லுகளையும் வேகம் அளக்கும் பெஞ்ச்மார்க் சோதனையில் ஓடவிட்டு மதிப்பெண் போடுவதுதான் பூங்கோதையின் வேலை. யார் யார் வீட்டுச் செத்தவர்களோ பகலெல்லாம் அவளிடம் வாயடித்தார்கள். அவளுக்கு வயிறு எரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறந்தாள். மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பிவைத்து, மின்னழுத்தத்தை ஏற்றி, சில்லின் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினாள். இப்படி வேகம் கூட்டும் ஓவர்க்ளாக்கிங் அவளுக்குக் கைவந்த வேலை.

"கேக்குதாங்க?"

"கேக்குது. ஏன் கத்துற?"

பதில் உடனே வந்தது. பூங்கோதை சிரித்தாள், அழுதாள்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு எத்தனை நாளா ஆரம்பிக்கிறேன்," என்றான் செங்குட்டுவன். "பாதிலயே எந்திரிச்சு வேலைக்குப் போயிடுற."

"இனிமே போகமாட்டேன். கொஞ்சம் இருங்க, முழுச் சோதனை ஒண்ணு ஓட்டிடறேன். இந்த வேகத்தைத் தாங்குதான்னு தெரியணும்ல."

"அதெல்லாம் வேணாம் கோதை. நான் என்ன கடைக்கு வந்த சில்லா? உக்காரு, பேசிட்டிருப்போம்."

"ஒரே ஒரு தடவைங்க. அப்புறம் பொழுதுக்கும் பேசலாம்."

வேகம் கூட்டிய சில்லுக்கு உச்சபட்சச் சுமை கொடுத்துத் திணறடித்துப் பார்க்காமல் விடக்கூடாது; தொழிலில் ஊறிய பழக்கம். பேசுவதற்கு அந்தச் சுமையில் நூற்றில் ஒரு பங்குகூட வேண்டியதில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். இருந்தும் சோதனையைத் தொடங்கினாள்.

முடிவு திரையில் வந்தபோது அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. மேனிலைச் சில்லைவிட மதிப்பெண் கூடுதல்.

"பாத்தீங்களா, பெரிய வீட்டுக்காரங்களையே முந்திட்டீங்க."

பெட்டியிலிருந்து தீய்ந்த வாசனை வந்தது. மதிப்பெண்ணைக் கொடுத்துவிட்டுச் சில்லு கருகியிருந்தது.

பூங்கோதைக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் எழுந்துபோய் அரிசி களைந்து உலையில் போட்டாள். வத்தக்குழம்பு வைத்தாள். சோறு குழைந்து அடிப்பிடிக்கும்வரை பெட்டியின் பக்கமே காதை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, அவர் என்னதான் சொல்ல வந்தாரோ, உட்கார்ந்து கேட்டிருக்கலாமே என்று வாய்விட்டு அழுதாள்.