இந்த வூடு என்னுது இல்ல!

செல்போன் அலறியது.

மதிய வெயிலில் விருத்தாசலம் வெந்துகொண்டிருந்தது. குருமூர்த்தி வேட்டி கசங்காமல் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்.

"பெரியப்பா...!"

அன்பரசன். அவருடைய புது வீட்டின் முதல் குடித்தனக்காரன். குரல் நடுங்கியது.

"வூட்டுல பொணம் பெரியப்பா!"

ரசச் சோறு பாதி வழியில் நின்றது.

"எந்த வூட்டுல?"

"எனக்கு வாடகைக்கு வுட்டீங்களே, அந்த வூட்டுலதான்! பின் ரூமுல... தார்ப்பாய்க்குக் கீழ... ஒரு கை தெரியுது. யாருக்கும் சொல்லாம வாங்க!"

குருமூர்த்தி எழுந்தார். நிதானமாகக் கை கழுவினார். பிணமே விழுந்தாலும் எச்சில் கையோடு கிளம்பும் பரம்பரை இல்லை அது!

"அரைச் சோத்துல எங்க கெளம்பிட்டீங்க?" சமையலறையிலிருந்து மனைவி திரௌபதி.

"வூட்டு விஷயம். நீ தலையிடாத."

"ஓ... அக்ரிமெண்ட்டு போடாத வூட்டு விஷயமா?"

குருமூர்த்தி ஸ்கூட்டரை உதைத்தார்.

அந்தக் குத்தலுக்குக் காரணம் இருந்தது.

செராமிக் தொழிற்பேட்டைக்குப் பின்னால் எழும்பிய வீடு. முகப்பில் குருமூர்த்தியின் அப்பா பெயர்... 'பழமலை இல்லம்'. பெயின்ட் காயும் முன்பே கனிமொழி என்ற நர்ஸ் வந்து கேட்டாள். ஆதார் நகல், வேலை பார்க்கும் இடத்து அடையாள அட்டை, பழைய வீட்டுக்காரரின் போன் நம்பர் என்று எல்லாவற்றையும் கையோடு கொண்டு வந்திருந்தாள்.

"காயிதத்தக் காட்டி வூடு கேக்குறா! நம்மள என்ன பேங்க்குன்னு நெனச்சாளா?" என்று விரட்டிவிட்டார்.

அடுத்து வந்தவன் அன்பரசன். காகிதம் எதுவும் இல்லை. நெடுஞ்சாண்கிடையாகக் காலில் விழுந்தான்.

"சேத்தியாத்தோப்பு பக்கம் பெரியப்பா. உங்க பேரச் சொன்னாலே அங்க எழுந்து நிப்பாங்க!"

குருமூர்த்தியின் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது. சாவியைக் கொடுத்துவிட்டார்!

திரௌபதி சும்மா இருக்கவில்லை.

"ஏங்க, வாடகை அக்ரிமெண்ட்டாவது எழுதி வாங்குங்க."

"என் வாக்குதான்டி முத்திரைத்தாள்!"

"முன்ன குடியிருந்த வூட்டுக்காரரு யாருன்னு கேட்டு ஒரு போன் போடுங்க."

"கால்ல வுழுந்தவன விசாரிக்கறதா?"

"கரண்டு, வூட்டு வரி எல்லாத்தையும் நம்ம பேருலயே நீங்களே நின்னு பதிஞ்சிட்டு வாங்க."

"பழமலை மவன் ஆபீஸு வாசல்ல க்யூவுல நிப்பானா? அன்பரசன் பாத்துக்கறேன்னுட்டான்."

"எப்பயாவது உள்ள போயி ஒரு பார்வ பாத்துட்டாவது வாங்க!"

"குடித்தனக்காரன் வூட்டுக்குள்ள எட்டிப் பாக்கற பரம்பரையா நம்மளுது?"

அந்த வீட்டைக் கட்டிய மேஸ்திரிகூட இத்தனை உறுதியான சுவர் எழுப்பவில்லை.

ஸ்கூட்டர் போய் நின்றபோது, பழமலை இல்லத்தின் வாசலில் அன்பரசன் கண்ணீரோடு கூனிக் குறுகி, கையைப் பிசைந்துகொண்டு நின்றான். பின்பக்க ஜன்னலுக்கு அழைத்துப் போனான்.

நீலத் தார்ப்பாய். அதன் ஓரத்தில்...

கை!

வெளுத்துப்போன, விரல்கள் விறைத்த, ரத்தம் சுண்டிய கை!

"யா... யாருடா அது?"

"தெரியல பெரியப்பா! ஊருக்குப் போயிட்டு இப்பதான் வந்தேன். எவனோ கொண்டாந்து போட்டிருக்கான்!"

"கதவத் தொற!"

"வேணாம்! உங்க கைரேக பட்டுடப்போவுது. யாரோ போட்டுக் குடுத்துட்டாங்க. மஃப்டில போலீஸு வந்துகிட்டு இருக்குது!"

குருமூர்த்தியின் கண்முன் நாளைய பேப்பர் தெரிந்தது. 'பழமலை இல்லத்தில் பிணம்!' செத்துப் போன அப்பாவின் பெயர் டீக்கடை டீக்கடையாக நாறப்போகிறது...

அன்பரசன் குரலைத் தாழ்த்தினான்.

"பெரியப்பா... அந்தப் போலீஸ்காரரு கேட்டா இந்த வூடு உங்களுது இல்லன்னுடுங்க. என்னுதுன்னு நான் சொல்லிக்கறேன். ஜெயிலுக்கு நான் போறேன். உங்க குடும்பப் பேரு கெடக்கூடாது!"

குருமூர்த்தி அவன் தோளைத் தட்டினார். என்ன விசுவாசம்! ஆதார் காட்டிய அந்த நர்ஸ் இப்படிச் சொல்வாளா?

தடதடதட... வாசலில் புல்லட்!

ஒட்ட வெட்டிய தலை. கறுப்புக் கண்ணாடி. காக்கி பேன்ட். பழுப்பு ஷூ.

"குருமூர்த்தி ஐயா நீங்கதானுங்களா?"

"ஆ... ஆமாங்க."

"இந்த வூடு உங்களுதுன்னு தெருவுல சொல்றாங்களே?"

"தெருவுல ஆயிரம் சொல்லுவாங்க!"

"முகப்புல உங்க அப்பா பேரு இருக்குது?"

"இந்த ஊருல தடுக்கி வுழுந்தா ஒரு பழமலை மேலதாங்க வுழணும்!"

"அப்ப வூடு யாருது?"

"தோ நிக்கறானே, அன்பரசன்... அவன்து."

வந்தவர் செல்போனை நீட்டினார். "இதப் பாத்து ஒரு தடவ சொல்லிடுங்க."

குருமூர்த்தி துண்டைச் சரிசெய்து நெஞ்சை நிமிர்த்தினார்.

"இந்த வூடு என்னுது இல்ல! எங்கப்பா மேல சத்தியம்!"

"ரொம்ப நன்றிங்க ஐயா!"

நன்றியா? எந்த ஊர் போலீஸ் நன்றி சொல்கிறது?

யோசிப்பதற்குள் ஓர் ஆட்டோ வந்து நின்றது. இறங்கியவள் திரௌபதி! கையில் சாவி!

"உனக்கு ஏதுடி சாவி?"

"வாடகைக்கு வுடறவ ஒரு சாவிய கையில வச்சிக்கமாட்டாளா? அரைச் சோத்துல ஓடனீங்களே, என்னாத்த ஒளிக்கிறீங்க?"

விறுவிறுவென்று கதவைத் திறந்தாள்.

"உள்ள போவாத திரௌபதி! பொணம்!"

"என்னாது... பொணமா?!" புல்லட் ஆசாமி துள்ளினார்.

எல்லோரும் பின்னால் ஓட, பின் ரூமில் திரௌபதி தார்ப்பாயை உருவினாள். ஒரு கை இல்லை... கூடை கூடையாகக் கைகள்! ஒன்றைச் சாவியால் தட்டினாள்.

டிங்...!

"பீங்கான்! ரப்பர் கிளவுஸு செய்யற கம்பெனிக்கு அச்சுக்குச் செய்யற கை. பேட்டைக்குப் பின்னாடி கழிச்சுக் கொட்டி வச்சிருக்காங்க. பொறந்ததுலேருந்து இந்த ஊருல இருக்கீங்க... பீங்கானுக்கும் பொணத்துக்கும் வித்தியாசம் தெரியல!"

குருமூர்த்தி மெதுவாகத் திரும்பினார். "அப்ப... நீங்க மஃப்டி போலீஸு...?"

"போலீஸா? நான் மங்கலம்பேட்ட நிஜாமுதீனுங்க! குவைத்துலேருந்து லீவுல வந்திருக்கேன். அன்பரசன்கிட்ட இந்த வூட்ட வாங்கப் போறேன். தெருவுல எல்லாரும் உங்க வூடுன்னாங்க. 'அந்தப் பெரியவரே வந்து இல்லன்னு சொல்லட்டும், அப்பதான் கிரயம்'னுட்டேன்!"

அன்பரசனின் கூன் நிமிர்ந்தது. கண்ணீர் காய்ந்தது.

"அதான் சொல்லிட்டாரே பாய்! வீடியோ இருக்குது. கரண்டு பில்லு, வூட்டு வரி எல்லாம் என் பேருல. என்ன பெருசு... அப்பா மேல பண்ண சத்தியத்த மாத்திப் பேசுவியா?"

பெரியப்பா பெருசு ஆகியிருந்தார்.

குருமூர்த்தி கணக்குப் போட்டார். மாற்றிப் பேசினால் அப்பா பெயர் போகும். பேசாவிட்டால் வீடு போகும்!

திரௌபதி சிரித்தாள்.

"அவரு ஏன் மாத்திப் பேசணும்? சொன்னது நெசந்தான். வூடு அவருது இல்ல."

"திரௌபதி... வேணாம்!" பிணத்துக்குக்கூட அவர் இப்படிப் பதறவில்லை.

"என்னுது! கருவேப்பிலங்குறிச்சில எங்கப்பா நெலத்த வித்து வாங்கிக் குடுத்த மனை. பத்திரம், பட்டா எல்லாம் என் பேருல. மாமனாரு சொத்துன்னு ஊரு சிரிக்கும்னு, இவருதான் அவங்கப்பா பேர முன்னால ஒட்டிக்கிட்டாரு! ஏன் பாய், நீங்க வில்லங்கம் போட்டுப் பாக்கலியா?"

"அன்பரசனே எடுத்துத் தரேன்னாரும்மா..."

"விக்கறவன்கிட்டயேவா? நீங்களும் எங்க வூட்டுக்காரரும் ஒரே ஸ்கூலா?"

அன்பரசன் பின்பக்கமாகப் பாய்ந்தான். கால் கூடையில் மாட்டியது. பீங்கான் கைகள் சிதற, நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். இந்த முறை மரியாதைக்காக இல்லை! நிஜாமுதீன் அவன் முதுகில் ஏறி உட்கார்ந்தார்.

சற்று நேரத்தில் சீருடையோடு நிஜமான போலீஸ் வந்தது. நன்றி எதுவும் சொல்லாமல் அவனை ஜீப்பில் ஏற்றியது.

குருமூர்த்தி வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். வேட்டி கசங்கியிருந்தது.

"இனிமே இத யாருக்கு வுடறது?"

"அந்த நர்ஸு கனிமொழிக்கு போன் பண்ணிட்டேன். அக்ரிமெண்ட்டு எழுத வராங்க."

"சரி... வா, நம்ம வூட்டுக்குப் போவலாம்."

"நம்ம வூடா?" திரௌபதி புருவத்தை உயர்த்தினாள். "அதுவும் எங்கப்பா என் பேருல எழுதுனதுதான். போயி ஆதார் ஜெராக்ஸு எடுத்துட்டு வாங்க... கால்ல வுழுந்தா மட்டும் பத்தாது!"