ஒரு சிட்டிகை வேர்க்கடலை

ஆறு மணிக்கு எழுந்தான். பல் தேய்த்தான். பால் காய்ச்சினான். மனைவிக்கு ஓட்ஸ் கஞ்சி கிண்டினான்.

ஒரு சிட்டிகை வேர்க்கடலைப் பொடி தூவினான்.

அவளுக்கு வேர்க்கடலை ஆகாது. போன வருஷம் ஒரு பிஸ்கட் துணுக்குக்கே தொண்டை வீங்கி, ஐ.சி.யூ.வில் மூன்று நாள்!

அவன் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன். கடையில் ஃப்ரேம் எடுத்துக் கொடுக்கும் பெண் அவனுக்காகக் காத்திருந்தாள். விவாகரத்து என்றால் வருஷக்கணக்காகும். வேர்க்கடலை என்றால் இருபது நிமிஷம்!

"ஏங்க, ஆறு வருஷத்துல முதல் தடவையா கஞ்சி... பயமா இருக்கே!"

"சும்மா சாப்பிடு. நான் வாக்கிங் போயிட்டு வரேன்."

முதல் ஸ்பூன் உள்ளே போனதைப் பார்த்துவிட்டுத்தான் செருப்பை மாட்டினான்.

இருபது நிமிஷம். திரும்பி வந்தான். வீட்டுக்குள் சத்தமே இல்லை!

வாசலிலேயே போனை எடுத்தான். ஒரு வாரமாகக் கடைக் கண்ணாடி முன் ஒத்திகை பார்த்த அழுகை... பொங்கியது.

"ஹலோ, ஆம்புலன்ஸா? என் பொண்டாட்டிக்கு மூச்சே இல்லீங்க!"

"பதறாதீங்க சார். என்ன ஆச்சு?" பெண் குரல்.

"வேர்க்கடலை அலர்ஜிம்மா! கஞ்சில கலந்திருந்தது தெரியாம சாப்பிட்டுட்டா!"

"பக்கத்துலதான இருக்கீங்க?"

"மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேம்மா...!"

கதவு திறந்தது.

மனைவி! ஈர முகம். தோளில் துண்டு.

"யாரை மடியில போட்டிருக்கீங்க?"

போன் நழுவி விழுந்தது. அவள் எடுத்துக்கொண்டாள்.

"உ... உனக்கு ஒண்ணும் ஆகலையா?"

"உதடு அரிச்சது. மிச்சக் கஞ்சியை மூடி வெச்சிருக்கேன். அதான் ஊசி போட்டுக்கறேனே!"

"எந்த ஊசி?"

"எட்டு மாசமா, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை நீங்களே கார்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறீங்களே... அந்த ஊசி! அலர்ஜியைத் தீர்க்காது. தெரியாம துளி உள்ள போனா, தொண்டை அடைக்காம தாங்கும்."

"அது... இடுப்பு வலிக்குன்னு நெனச்சேன்!"

"'அலர்ஜி பிரிவு'ன்னு ஆளுயரத்துக்குப் போர்டு! ஊருக்கெல்லாம் எழுத்தைக் காட்டிப் படிக்கச் சொல்ற ஆளு நீங்க!"

எங்கே படிப்பான்? ஊசி போட்டதும் அரை மணி நேரம் அவளை அங்கேயே உட்கார வைப்பார்கள். அந்த அரை மணியும் இவன் போனில், ஃப்ரேம்காரியிடம் குழைந்துகொண்டிருந்தான்!

"மேடம்..." போன் பேசியது. "எல்லாம் ரெக்கார்டு ஆயிருக்கு. ஆம்புலன்ஸ் அனுப்பட்டுமா?"

"அனுப்புங்க, என்னை ஒரு தடவை பார்த்துடட்டும். அப்படியே போலீஸும்."

அவன் பக்கம் திரும்பினாள்.

"வியாழக்கிழமை அடுத்த ஊசி. நீங்க கவலைப்படாதீங்க... நான் பஸ்ல போய்க்கறேன்!"