தேய்ந்தது எங்கே போனது

புது பேரிங் போட்ட பிறகும் பின்சக்கரம் ஆடியது.

மோகன்ராஜ் சக்கரத்தின் மேலே ஒரு கையும் கீழே ஒரு கையும் வைத்துத் தள்ளி இழுத்தான். எதிர்ப்பக்கம் குத்தவைத்திருந்த அவன் மனைவி பூங்குழலி, சக்கரமும் கியர் பெட்டியும் சேரும் இடுக்கில் ஆள்காட்டி விரலை வைத்திருந்தாள். பனியன் கம்பெனியில் பதினோரு வருஷம் செக்கிங் பார்த்த விரல் அது. துணியில் ஒரு கண்ணி விட்டிருந்தாலும் தடவியே சொல்லிவிடும். தன் மெக்கானிக் பட்டறையில் சக்கர ஆட்டம் பார்க்க அவன் வேறு யாரையும் கூப்பிடுவதில்லை.

டொக்.

"ஏனுங்க, இன்னும் ஆடுதுங்க."

"எனக்கு ஒண்ணும் தெரியலியே. எதுத்தாப்புல சிலை கொத்தற சத்தமா இருக்கும் புள்ள."

திருமுருகன்பூண்டியில் அப்படிச் சொன்னால் மறுக்க முடியாது, பகலெல்லாம் உளிச்சத்தம்தான்.

"அது காதுல கேக்குமுங்க. இது வெரல்ல கேக்குது."

"அப்ப வெரலுக்கு ஒரு கம்மல் போட்டுடலாம்" என்று அவன் சிரித்தான்.

பனியன் கம்பெனி முதலாளி சதீஷ்குமாரின் பைக் அது. இமயமலை வரை இரண்டு தடவை போய் வந்தது. செயின் கிடையாது; எஞ்சினிலிருந்து ஒரு தண்டு ஓடி, பின்சக்கரத்தின் கியர் பெட்டியில் போய்ச் சேரும். அந்தப் பெட்டியின் பழைய ஆயிலை மத்தியானம் வடித்தபோது, தேய்ந்த இரும்பு வெள்ளிப்பொடியாய் மினுங்கியது. அது எந்த வண்டியிலும் வருவதுதான். வாடைதான் சரியில்லை. நெடுநாள் படுக்கையில் கிடந்தவரின் தலையணையை வெயிலில் போட்டால் எழும் வாடை, பனியன் வேஸ்ட் துணியால் எத்தனை துடைத்தும் தரையை விட்டுப் போகாமல், தகரக் கூரையின் சூட்டோடு சேர்ந்து அவள் தொண்டைக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது.

நாலு மணிக்கு எதிர்ப்பட்டறையில் டீ வந்தது. உளிகள் நின்றன. போன் அடிக்க, மோகன்ராஜ் எழுந்து வாசலுக்குப் போனான். சக்கரத்தை யாரும் தொடவில்லை. அவள் விரல் மட்டும் இடுக்கில் இருந்தது.

டொக்.

இரும்பு வெதுவெதுவென்று இருந்தது.

டொக்.

விரலைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தாள்.

"இதை ஓட்டாதீங்க."

"ஓட்டிப் பாக்காம எந்த வண்டியக் குடுத்திருக்கறேன்? ஆறு மணிக்கு அவரு வந்து நின்னா என்ன சொல்றது? சம்சாரத்துக்கு வெரல்ல சத்தம் கேட்டுதுங்கட்டா?"

"சொல்லுங்க. பைத்தியம்னு நெனச்சாலும் நெனைக்கட்டும். எனக்கு நீங்க முழுசா வேணுமுங்க."

"அவிநாசி போயிட்டுத் திரும்பறேன் கண்ணு. இருவது நிமிசம்."

இருபது நிமிஷம் நாற்பதாயிற்று. சாலையில் லாரி உறுமும்போதெல்லாம் வாசலுக்கு ஓடினாள். கடைசியில் வண்டி வந்தது. அவனும் வந்தான். கையும் காலும் நல்லபடியாக இருக்கக் கண்டு, அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"இப்பப் பாரு" என்று வண்டியை ஸ்டாண்டில் ஏற்றினான்.

விரல் வைத்தாள். தள்ளி இழுத்தான். ஒன்றுமில்லை. கல்லில் செதுக்கியதுபோல் சக்கரம் இறுகி நின்றது.

"பாத்தியா? ஓட ஓட சரியாயிடுச்சு."

இரும்பு தேய்ந்தால் தேய்ந்ததுதான், தானாக வளராது என்று அவளுக்குச் சொல்லித்தந்தவனே அவன்தான்.

"ஏனுங்க, தேஞ்சது எங்கீங்க போச்சு?"

அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். தலை லேசாக முன்னால் சரிந்தது. பின்னால் சாய்ந்து நின்றது. அவன் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

"களுத்து புடிச்ச மாதிரி இருக்குது. செத்த நீவி உடு."

ஸ்டூலில் சாலையைப் பார்த்து உட்கார்ந்தான். அவள் பின்னால் நின்றாள். தலையும் கழுத்தும் சேரும் இடத்தில் விரலை வைத்தாள்.

அவன் அசையவில்லை.

டொக்.

"ஏனுங்க..."

"என்ன கண்ணு?"

திரும்பினான். முதுகு திரும்பவில்லை. தோள் திரும்பவில்லை. தாடை தோளுக்கு வந்தது. தோளைத் தாண்டியது. முகம் அவளுக்கு நேரே வந்தது. சிரித்தது. ஒரு சத்தமுமில்லாமல், அவளைக் கடந்து சுற்றிக்கொண்டே போனது.