நாலு அங்குலத்தில் அம்மா

ஒரே வீடியோவில் அம்மா மூன்று பிள்ளைகளிடமும் மூன்று விதமாகப் பேசியிருந்தாள்.

நடராசு வீட்டுத் திரையில், "ஆபரேஷன் வேணும்னு நானாத்தான் முடிவு பண்ணுனேன்" என்றாள். கலாமணி வீட்டில், "டாக்டரு சொன்னாரு, ஒத்துக்கிட்டேன்" என்றாள். கடைக்குட்டி சுகந்தியின் திரையில் மட்டும், "சுகந்தி வேண்டாம்னுதான் சொன்னா. மத்த ரெண்டு பேருந்தான் விடல" என்றாள். ஆபரேஷனுக்கு முந்தின நாள் எடுத்த வீடியோ அது. போன அம்மா திரும்பி வரவில்லை. மூன்று வருடமாக மூவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

குற்றம் வீடியோவில் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஊரில் விற்பதெல்லாம் இணங்குதிரைகள். பார்ப்பவரின் கண்மணி எங்கே விரிகிறது, மூச்சு எங்கே திணறுகிறது என்று கவனித்து, அவர் மனம் கோணாதபடி காட்சியைத் திருத்திக்கொள்ளும். முதலில் சினிமாவின் முடிவை மாற்றியது. பிறகு செய்தியை, பிறகு வீட்டு வீடியோக்களை. தெரிந்திருந்தும், தன் வீட்டில் பார்த்ததுதான் நிஜம் என்று ஒவ்வொருவரும் நம்பினார்கள்.

சுகந்திக்கு அதற்குக் காரணமும் இருந்தது. அவள் பொள்ளாச்சியில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். ஏமாற்றும் கண்ணாடி எது, நேர்க்கண்ணாடி எது என்று பிரித்தறிவதே தொழில். திரையை வாங்கிய அன்றே அதன் செட்டிங்ஸுக்குள் போய் இணக்கத்தை அணைத்துவிட்டிருந்தாள்.

மூன்று வருடம் கழித்து அண்ணனை அவளே போனில் கூப்பிட்டாள்.

"நீ பாத்ததுதான் நெசம்னு எப்படிச் சொல்றே?" என்றான் நடராசு.

"ஒரே செவுத்துல மூணு பேரும் ஒண்ணாப் பாக்கலாம். ஞாயித்துக்கெழமை மத்தியானம் அக்காளையும் கூட்டிட்டு வாங்கண்ணா."

"அப்படியொரு திரை எங்க இருக்குது?"

"நான் செய்யறேன்."

உக்கடத்துப் பழைய சாமான் கடையில், இணங்குதிரைக்கு முந்தைய காலத்துக் கையடக்க வீடியோ பிளேயர்கள் இரண்டு கிடைத்தன. நாலு அங்குலத் திரை. மூன்று பேர் சேர்ந்து பார்க்க முடியாது. ஆனால் கவனிக்கத் தெரியாத திரை; அதுதான் அவளுக்கு வேண்டும். அதைக் கழற்றி, பின்னால் விளக்கு வைத்து, படத்தைச் சுவரில் பெரிதாக விழவைப்பது அவள் திட்டம்.

முதல் திரையைக் கழற்றும்போதே பாழாக்கினாள். தகரச் சட்டத்தை நெம்பியபோது, கண்ணாடித் தகட்டிலிருந்து போகும் மெல்லிய மின்கம்பி நாடா ஓரத்தில் கிழிந்தது. படத்தில் பாதி கருத்துப்போனது.

இரண்டாவதற்கு மூன்று நாள் எடுத்துக்கொண்டாள். நகத்தால் நெம்பினாளே தவிர இரும்பு படவிடவில்லை. பின்னாலிருந்த வெள்ளைத் தாள்களையும் விளக்குப் பட்டையையும் உருவியதும், கையில் தங்கியது அப்பளம்போல ஒரு கண்ணாடி. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஊடுருவித் தெரிந்தது. பின்னால் பலமான விளக்கு, முன்னால் தன் கண்ணாடிக் கடையிலிருந்து கொண்டுவந்த பெரிய குவிலென்ஸ். விளக்கைப் போட்டு ஐந்து நிமிடம் ஆவதற்குள் சூட்டில் கண்ணாடியின் முன்பக்கப் படலம் சுருண்டு உரிந்தது. சுவரில் வெறும் வெள்ளை. படம் போய்விட்டதென்று வேறொருத்தி விட்டிருப்பாள். சுகந்தி விடவில்லை. வெயில் கூச்சத்தைத் தடுக்கும் கண்ணாடிகளிலும் இதே படலம்தான் என்பது அவளுக்குத் தெரியும். கடையிலிருந்து அந்தப் படலத் தாளில் ஒரு துண்டு வெட்டி வந்து கண்ணாடிக்கு முன்னே பிடித்து மெல்லத் திருப்பினாள். வெள்ளைக்குள்ளிருந்து படம் எழுந்து வந்தது. தாளைச் சூடு படாத தூரத்தில் பொருத்தி, ஒரு மின்விசிறியும் வைத்தாள். படம் தலைகீழாக விழுந்தது. கண்ணாடியைத் தலைகீழாக மாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் வந்தார்கள். ஜன்னல்களைப் போர்வையால் மூடிவிட்டு, அம்மாவின் வீடியோ இருந்த நினைவட்டையைப் பிளேயரில் செருகினாள்.

சுவரில் அம்மா, ஆளுயரத்துக்கு. மூக்குத்தி புள்ளிபுள்ளியாகத் தெரிந்தது.

"செவப்பு லைட்டு எரியுதா? ம்ம்... எரியுது. உப்பில்லாத கஞ்சி குடுத்தாங்க, வாயில வைக்க முடியல. எனக்குப் பயமாத்தான் இருக்குது. நடராசு வேற டாக்டரப் பாக்கலாம்னான். கலாமணி அழுதுட்டே போயிட்டா. சுகந்திதான், பண்ணிக்கோம்மா, ஒண்ணும் ஆவாதுன்னு ஒத்தக்கால்ல நின்னா. படிச்ச புள்ள சொல்றா. சரியாத்தான் இருக்கும்."

சுகந்தி நினைவட்டையை உருவி, ஊதித் துடைத்து, மறுபடி செருகினாள்.

"இன்னொருக்கா போடறேன்" என்றாள் சுகந்தி. மறுபடியும் அதே சொற்கள். மூன்றாம் முறையும் ஒரு எழுத்து மாறவில்லை. அப்போதுதான் ஆஸ்பத்திரித் தாழ்வாரம் அவள் நினைவுக்கு வந்தது. கையெழுத்துத் தாளை அம்மாவின் முன்னால் நீட்டியது தன் கைதான். திரையில் நூறு தடவை வேறு அம்மாவைப் பார்த்துப் பார்த்து அந்த நினைவு அழிந்துபோயிருந்தது. இணக்கத்தை அணைக்க விரும்புகிறவளுக்கு, அணைத்துவிட்டதாகக் காட்டுவதும் இணக்கம்தான்.

"போதும் புள்ள, நிறுத்து" என்றான் நடராசு. "வேற டாக்டரப் பாக்கலாம்னு சொன்னேனா நானு? எனக்கே மறந்து போச்சு. இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கோணும்."

"நான் வாயே தொறக்கலையே" என்று கலாமணி சுகந்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அழுதுட்டே ஓடிட்டனே."

சுகந்தி அழவில்லை. "நாந்தான்" என்றாள். "நாந்தான் சொன்னேன்." அதை இரண்டு பேர் காதுபடச் சொல்ல வேண்டியிருந்தது, சொல்லிவிட்டாள். பிறகு மூன்று பேரும் சாப்பிட்டார்கள், ஒரே மேஜையில்.

அவர்கள் கிளம்பியபின் போர்வைகளைக் கழற்றிவிட்டு முன்னறைக்கு வந்தாள். இணங்குதிரை அவள் முகத்தைப் பார்த்ததும் தானே ஒளிர்ந்தது.

"கண்ணு சுகந்தி" என்றாள் அம்மா. "நீ சொன்னதாலதான் எனக்குத் தைரியமே வந்துச்சு. உம்மேல தப்பே இல்ல சாமி."

பொய் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். திரையை அணைக்கக் கை நீட்டினாள். அந்த ஒரு வாக்கியம் முடியட்டும் என்று கையை நிறுத்தினாள்.

திரை அதைக் கவனித்துக்கொண்டது. அம்மா அடுத்த வாக்கியத்தைத் தொடங்கினாள். அட்டையில் இருந்தது ஆறு நிமிட வீடியோ. அன்று அம்மா ஒரு மணி நேரம் பேசினாள்.